மூணாம் நம்பர் சிலிண்டர்

"முப்பத்தொரு வருஷம். ஒரு வால்வு ஒழுகலை. ஒருத்தராவது அதைப் பத்திக் கேட்டாங்களா?"

புத்தூரில் லூர்துராணியைத் தெரிந்த அத்தனை பேரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். மீன் வாங்கப் போன இடத்தில் கேட்டிருக்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். பல் டாக்டர் ஒருத்தர், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் ஒருமுறையும் மூடச் சொன்ன பிறகு ஒருமுறையும் கேட்டிருக்கிறார். குரல் ஏறாது, இறங்காது. 'முப்பத்தொரு வருஷம்' என்றதும் ஒரு நிறுத்தம். 'ஒழுகலை'யின் மேல் ஓர் அழுத்தம். கேள்வி வரும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். அவர் வீட்டுக்காரர் அற்புதசாமி இதை அச்சு அசலாகச் செய்து காட்டுவார், கண்ணாடி உட்பட. பொன்மலை ரயில்வே ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். பொழுது போக வேண்டுமல்லவா.

அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. லூர்துராணி விண்வெளித் துறையில் ராக்கெட் வால்வுப் பிரிவில் இருந்தவர். எரிபொருள் குழாயைச் சரியான நொடியில் திறந்து, சரியான நொடியில் மூடுகிற சாமான்தான் வால்வு. பார்க்க அடுக்களைக் குழாயின் பணக்கார அண்ணன் மாதிரி இருக்கும். அது ஒரு சொட்டு கசிந்தால் ராக்கெட் மேலே போகாது, பக்கத்தில் போகும். திருவெறும்பூரில் பெரிய கம்பெனி குவார்ட்டர்ஸில் ஃபிட்டரின் மகளாகப் பிறந்து, ஆண் பிள்ளைகளுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக மெக்கானிக்கல் படித்து, இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு இதுதான் வேலை. வால்வைக் கோத்து, உள்ளே காற்றை அடைத்து, வெளியே சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று பார்ப்பது. பெரிய பெரிய மெஷின்கள் வந்த பிறகும் கடைசியில் ஒருமுறை நுரை தடவாமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் மாட்டிவிட்டுப் போவார். பின்னாலேயே லூர்துராணி சோப்புத் தண்ணீரோடு வருவார். சொந்தக்காரர் கல்யாணங்களில் மணமக்களுக்கு மாலை மாற்றும் நேரத்தில் அவரைத் தேடினால், மண்டபத்துக்குப் பின்புறம் சமையல்காரர்களின் சிலிண்டர்களுக்கு நுரை தடவிக்கொண்டிருப்பார். ஒருமுறை உண்மையிலேயே குமிழ் வந்தது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் மணமகள் முகத்தில்கூட இல்லை என்பது அற்புதசாமியின் வாக்குமூலம்.

ஆனால் யாரும் வால்வைப் பற்றிக் கேட்கவில்லை. ஏனென்றால் அந்த முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு, பணியின் கடைசி ஆறு வருஷம் அவரை வேறொரு குழுவில் போட்டார்கள். பூமிக்கு வெளியிலிருந்து நுண்ணுயிர்கள் ஏதாவது வந்து இறங்குகின்றனவா என்று உயரத்துக் காற்றைப் பிடித்துப் பார்க்கிற குழு. பிடிக்கிற சிலிண்டருக்கு வால்வு வேண்டும், அதற்காக லூர்துராணி. அவ்வளவுதான் சம்பந்தம். ஆனால் அன்று தொடங்கியது வினை. ஆட்டோக்காரர், "மேடம், ஏலியனுக்கு நம்மள மாதிரி ரெண்டு கண்ணுதானா, இல்ல கூட இருக்கா?" என்றார். பங்குச் சாமியார், அங்கே இருக்கிறவர்களுக்கும் ஞானஸ்நானம் உண்டா என்று ரோமில் யோசிக்கிறார்களாம் என்று சொல்லி, பதிலை எதிர்பார்ப்பது போல நின்றார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலிருந்து ஒரு பேங்க் மாமா போன் போட்டே கேட்டார்: "அகில அண்டமும் அவன் சிருஷ்டின்னா, அங்கேயும் ஜீவாத்மாக்கள் இருந்தாகணுமோல்லியோ? நீங்க சயின்டிஸ்ட், சொல்லுங்கோ." லூர்துராணி மூன்று பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். முப்பத்தொரு வருஷம், ஒரு வால்வு...

ஓய்வுபெற்று புத்தூருக்கு வந்த பிறகாவது விட்டதா? ஊரில் ஒரு கல்லூரியில் உயிரியல் சொல்லித்தரும் பிரவீன்ராஜ் தேடிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது, மெதுவான பேச்சு, ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு 'மேடம்'. பெரிய பலூன் ஒன்றில் நான்கு சிறிய சிலிண்டர்களை அனுப்ப அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. முதல் சிலிண்டர் இருபது கிலோமீட்டர் உயரத்தில் திறந்து காற்றைப் பிடித்து மூடிக்கொள்ள வேண்டும். இரண்டாவது முப்பதில். மூன்றாவது நாற்பதில். நான்காவது திறக்காமலே போய்த் திறக்காமலே வரும். மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்க. சிலிண்டரும் வால்வும் மேடம்தான் செய்து தர வேண்டும் மேடம் என்றார். வால்வு என்ற சொல் முதலில் அவர் வாயிலிருந்தே வந்ததால், லூர்துராணி அவரை உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார்.

வேலை அரியமங்கலத்தில் நஸ்ருல்லாவின் லேத் பட்டறைக்குப் போனது. நஸ்ருல்லா மயிரிழை பிசகாமல் கடைகிற ஆள். லூர்துராணி வரைபடத்தில் போட்டதைவிடத் துல்லியமாகச் செய்துவிட்டு, வரைபடம் தப்பு என்று சொல்லாமல், "மேடம் இதைத்தான் நெனச்சிருப்பீங்கன்னு தோணுச்சு" என்பார். அவருக்குக் கீழே ராசாத்தி. கடைந்து வந்த சாமான்களின் பிசிறை எடுத்து, கழுவித் துடைத்து அடுக்குகிற வேலை. ராசாத்தி கைபட்டு வெளியே போகாத உருப்படி அந்தப் பட்டறையில் கிடையாது.

வெளியே உயிர் தேடுகிற வேலையில் பத்தில் ஒன்பது பங்கு, இங்கே இருக்கிற உயிரை ஒழிக்கிற வேலை. மேலே போகிற சாமானில் கீழேயுள்ள கிருமி ஒன்று ஒட்டியிருந்தால், திரும்பி வந்ததும் அதுவே எழுந்து நின்று வணக்கம் சொல்லும். அதனால் பிரவீன்ராஜ் சிலிண்டர்களைக் கல்லூரி ஓவனில் வைத்து மணிக்கணக்காகச் சுட்டார். வால்வுகளையும் சுட வேண்டும் என்றார். அங்கேதான் பிரச்சினை வந்தது. வால்வுக்குள் ஒரு ரப்பர் சீல் இருந்தது. அந்தச் சூட்டில் அது இறுகிப் போகும், இறுகினால் ஒழுகும்.

"வேக வைக்கறதுக்கு இது இட்லி இல்ல, பிரவீன்" என்றார் லூர்துராணி. "ஸ்பிரிட் போட்டுத் துடைச்சாப் போதும்."

ஸ்பிரிட்டுக்குச் சாகாத கிருமியும் உண்டு மேடம், விதை மாதிரி சுருண்டு படுத்துக்கொள்ளும் மேடம் என்று அவர் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு நாள் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை லூர்துராணி கண்ணாடியைக் கழற்றினார். "வால்வு என் பொறுப்பு." பிரவீன்ராஜ் சிலிண்டர்களைச் சுட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

பலூன் போனது, வந்தது. ஒன்றாம் நம்பரில் ஒன்றுமில்லை. இரண்டில் ஒன்றுமில்லை. திறக்காத நான்கிலும் ஒன்றுமில்லை. நாற்பது கிலோமீட்டருக்குப் போன மூன்றாம் நம்பரில், கண்ணாடித் தட்டில் வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ வளர்ந்தது.

கீழே இல்லை, நடுவில் இல்லை, ஆக மேலே மட்டும் இருக்கிறது. அப்படியென்றால் அது கீழேயிருந்து ஏறியது இல்லை, மேலேயிருந்து இறங்குகிறது. மரபணுவைப் பார்த்ததில், நம் மண்ணில் இருக்கிற ஒரு கிருமிக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் அப்படியே அது இல்லை. பிரவீன்ராஜ் பேசும்போது 'மேடம்' நான்காகக் கூடியது. லூர்துராணிக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது, அது வேறு காரணத்துக்கு. வால்வு ஒழுகியிருந்தால் இறங்கி வரும் வழியில் ஊரிலுள்ள கிருமி எல்லாம் புகுந்திருக்கும். இங்கே ஒரே ஒரு ஜாதிதான் இருந்தது. ஆக, உலகத்தின் மிகப் பெரிய செய்தி, அவருடைய வால்வு ஒழுகவில்லை என்பதன் மேல் நின்றுகொண்டிருந்தது. இனிமேல் வால்வைப் பற்றிக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்தார். லூர்துராணி அவருக்கு நாற்பது நிமிஷம் வால்வைப் படம் போட்டு விளக்கினார். மறுநாள் செய்தி வந்தது: 'வேற்றுக்கிரக உயிரைக் கண்டுபிடித்தாரா திருச்சி பெண் விஞ்ஞானி?' வால்வு என்ற சொல் எங்கேயும் இல்லை. போட்டோவில் மட்டும் கையில் வைத்திருந்தார். அதற்குக் கீழே 'வீட்டில் ஓய்வாக' என்று போட்டிருந்தார்கள்.

பங்குக் கோயில் சார்பில் பாராட்டு விழா என்றார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில். அற்புதசாமி ஃபிளெக்ஸ் அடித்தார். பத்திரிகையில் 'கண்டுபிடித்தாரா' என்று இழுத்தது ஃபிளெக்ஸில் 'கண்டுபிடித்த எங்கள் பங்கின் மகளே' என்று முடிவாகிவிட்டது. லூர்துராணி அதைக் காட்டிக் கேட்டபோது, சந்தேகப்படுகிறவர்களைப் பாராட்ட யாராவது மண்டபம் எடுப்பார்களா என்று அற்புதசாமி திருப்பிக் கேட்டார். திங்கட்கிழமை பிரவீன்ராஜின் கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழுக்குப் போக வேண்டும். அதில் லூர்துராணியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நஸ்ருல்லாவை நேரில் அழைக்க வேண்டும் என்று பஸ் ஏறி அரியமங்கலம் போனார். அழைத்தார். நஸ்ருல்லா கையைத் துடைத்துக்கொண்டு, இன்ஷா அல்லாஹ் பட்டறையோடு வந்துவிடுகிறேன் என்றார். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, லேத்துக்கு மேலே சுவரைக் காட்டினார்.

அங்கே சட்டம் போட்ட ஒரு போட்டோ மாட்டியிருந்தது. போன வருஷத்து ஆயுத பூஜை. ஸ்பேனர், சுத்தியல், டிரில் பிட் எல்லாம் வரிசையாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். ஒரு பக்கம் பொரி, மறுபக்கம் வாழைப்பழம். நடுநாயகமாக, எல்லா ஆயுதங்களுக்கும் தலைவன் மாதிரி, பளபளவென்று ஒரு சிலிண்டர், தலையில் வால்வோடு. அதன் கழுத்தில் கதம்பம். வயிற்றில் அடித்திருந்த '3' என்ற எண்ணுக்குக் கீழே பட்டையாகச் சந்தனம்.

"மத்த மூணையும் நீங்க முன்னாடியே கொண்டு போயிட்டீங்க மேடம்" என்றார் நஸ்ருல்லா. "இது மட்டும்தான் நின்னுச்சு. நான் பூசையில நிக்கறதில்ல, பொரி வாங்கித் தர்றதோட சரி. ஆனா நம்ம ராசாத்திதான், வானத்துக்குப் போற சாமான், இதைத்தான் நடுவுல வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க."

ராசாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். முகமெல்லாம் பெருமை.

லூர்துராணி போட்டோவுக்கு இன்னும் பக்கத்தில் போனார். சந்தனத்தை வெளியேதானே வைத்தீர்கள் என்று கேட்டார். அவர் கேட்ட விதம், ஆமாம் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சுவது போல இருந்தது.

"வெளியயும் வச்சேம்மா. அந்த வால்வு வாய்க்குள்ளயும் ஒரு சொட்டு வச்சேன்" என்றார் ராசாத்தி. "அவ்ளோ தூரம் போவுது. வாய்ல வைக்காம அனுப்பறதா? அப்புறம் மறுநாளு நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவி, இதோ இந்த முந்தானையிலதான் தொடச்சேன். ஒரு கறை இருக்காது."

லூர்துராணி அந்த முந்தானையைப் பார்த்தார். முப்பத்தேழு வருஷம் தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, காலுக்கு உறை போட்டுக்கொண்டு தூசி புகாத அறையில் வேலை பார்த்த பெண்மணி. பட்டறையில் ஒரு மூலையில் இருந்த சந்தனக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கி, ஒரு சுத்தமான பையில் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் கல்லூரிக்குப் போனார். நல்ல காரியத்துக்குக் கொண்டு போகிறார் என்று ராசாத்தி நினைத்துக்கொண்டார்.

கல்லூரியில் மூன்றாம் நம்பர் வால்வைத் தன் ஸ்பேனராலேயே பிரித்தார். வாய்ப்பக்கத்துத் திருகு மரையை லென்ஸுக்குக் கீழே பிடித்தார். மரையின் பள்ளத்தில், தலைமுடி கனத்துக்கு, மஞ்சளாக ஒரு கோடு. சுடாமல் விட்ட இடம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் எட்டாத இடம்.

பிரவீன்ராஜ் அந்தக் கோட்டையும் கிண்ணத்துச் சந்தனத்தையும் இரண்டு தட்டில் தடவி வைத்தார். சனிக்கிழமை மாலைக்குள் இரண்டிலும், அன்றைக்குப் போலவே, வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக வந்துவிட்டது. நுண்ணோக்கியில் ரொம்ப நேரம் பார்த்தார். நிமிரவேயில்லை.

"அந்த போட்டோவ வேற யாரும் பாக்கல, மேடம்" என்றார், நுண்ணோக்கியிடம் சொல்வது போல. சொன்ன உடனே காது சிவந்தது.

"நான் பாத்துட்டேனே, பிரவீன்."

வீட்டுக்கு வந்து அற்புதசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் தன் தீர்ப்பைச் சொன்னார். உயிரைத்தானே தேடினாய், உயிர்தானே கிடைத்திருக்கிறது, அது எந்த ஊர்க்காரன் என்று கேட்பது ஆய்விதழ்க்காரர்கள் வேலை. லூர்துராணிக்குக் கவலை கிருமியைப் பற்றியே இல்லை. கையெழுத்துப் போட்டால் நாளைக்கே உலகம் பூராவும் பெயர். போடாவிட்டால், ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் என்ன சொல்வார்கள்? வால்வில் கோளாறு என்பார்கள். முப்பத்தொரு வருஷம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்று குறைபட்டவர், இப்போது ஊரே பேசும்படி தானே மேடையேறிச் சொல்ல வேண்டும்.

"பேசாம ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்க, ராணி" என்றார் அற்புதசாமி, இந்தத் தடவை விளையாட்டில்லாமல்.

ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் நஸ்ருல்லா வெள்ளைச் சட்டையில், பக்கத்தில் ராசாத்தி பட்டுப்புடவையில். பங்குச் சாமியார் பொன்னாடையைப் பிரித்துக் கையில் ஏந்திவிட்டார். போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பேசிவிடுகிறேன் என்று லூர்துராணி மைக்கை வாங்கினார்.

சுற்றி வளைக்கவில்லை. மேலேயிருந்து எதுவும் வரவில்லை, போனது நம் ஊர்க் கிருமி, அரியமங்கலத்தில் ஏறி அரியமங்கலத்துக்கே திரும்பி வந்திருக்கிறது என்றார். யாரோ ஒருத்தர் நல்ல மனசோடு ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினார்கள், அது அவர்கள் தப்பில்லை. வால்வைச் சுட வேண்டாம், ஸ்பிரிட் போதும் என்று சொன்னது நான், பிரவீன் மூன்று தடவை சொல்லியும் கேட்காதது நான் என்றார். கட்டுரையில் கையெழுத்துப் போடவில்லை; போட வேண்டும் என்றால் நடந்ததை எழுதட்டும், அதில் போடுகிறேன் என்றார். அந்த 'யாரோ ஒருத்தர்' யார் என்று முன் வரிசையில் ராசாத்திக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னாலிருந்து யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். பங்குச் சாமியாருக்குப் பொன்னாடையை மடிப்பதா போடுவதா என்று தெரியவில்லை. பாதி மடித்துவிட்டு நின்றார். மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸில் லூர்துராணி சிரித்துக்கொண்டிருந்தார், தலைக்கு மேலே இரண்டு கிரகங்களோடு. அற்புதசாமி அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது முன் வரிசையில் நஸ்ருல்லா எழுந்தார். அவருடைய கைவேலையும் அதில்தானே இருந்தது. முகம் கறுத்திருந்தது.

"அப்ப நம்ம வால்வு ஒழுகிருச்சுங்கறீங்களா, மேடம்?"

லூர்துராணி மைக்கை இறக்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அற்புதசாமிக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். இத்தனை வருஷம் செய்து காட்டியவர் ஆயிற்றே. ஆனால் இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு, கேள்வி கேட்டவரை ஒரு நிமிஷம் ஆசையாகப் பார்த்தார். பிறகு மைக்கைத் தூக்கினார்.

"ஒழுகலை, பாய். நல்லாக் கேட்டீங்க, இதைத்தான் யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். தெறக்க வேண்டிய எடத்துல தெறந்துச்சு, மூட வேண்டிய எடத்துல மூடுச்சு. வழியில ஒரு தூசிய உள்ள விடலை. உள்ள இருந்த ஒரு சொட்டு சந்தனத்த நாப்பது கிலோமீட்டர் மேல கூட்டிட்டுப் போயி, ஊர் சுத்திக் காட்டி, அப்படியே கொண்டாந்து கையில குடுத்திருக்கு. நாம என்ன வச்சோமோ அதைப் பத்திரமாப் பாத்துக்கிட்டது, பாய், அந்த வால்வு. அது ஒழுகியிருந்தா ஊர்க் கிருமி மொத்தமும் புகுந்து அன்னிக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும், இன்னிக்கு எனக்கு இந்தச் சங்கடமே இல்லையே."